பயத்தங்காய்ப் பந்தலில் மஞ்சள் குளவி: மருந்தடிக்கலாமா?

கேள்வி: சார், வணக்கம். நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி உண்டு. பயத்தங்காய், பாகற்காய், கொஞ்சம் கத்தரி, சாய் சிம் கீரை போட்டிருக்கிறேன். இரண்டு வாரமாகப் பயத்தங்காய்ப் பந்தலைச் சுற்றி மஞ்சளும் கருப்புமாகச் சின்னச் சின்னக் குளவிகள் வருகின்றன. ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று நம்மையே முறைத்துப் பார்க்கின்றன. பேரனுக்கு ஐந்து வயது, தோட்டத்துக்குக் கூடவே வருவான், பயமாக இருக்கிறது. கொழுந்துகளில் கருப்பாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் அப்பிக் கிடக்கிறது. அதற்கு நடுவில் காலே இல்லாத, வழவழவென்ற பச்சைப் புழு வேறு. பக்கத்துப் பாத்தி அங்கிள் வீட்டுக்கு அடிக்கிற ஏரோசல் டப்பாவைக் கொடுத்து, "இதை அடித்தால் மூன்றும் ஒழியும்" என்கிறார். அடிக்கலாமா? குளவிக் கூட்டை எப்படித் தேடுவது? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அக்கா, முதல் வேலையாக அந்த டப்பாவை அங்கிளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாளைக்குப் பறித்துக் குழம்பில் போடப்போகிற காயின் மேல் கரப்பான் மருந்து அடிக்கக் கூடாது. இந்தப் பூச்சிக் கதையே இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் எவ்வளவு தேடினாலும் கூடு கிடைக்காது. வந்திருப்பது குளவியே இல்லை, ஈ. கொழுந்தில் கிடக்கும் காலில்லாப் புழு அந்த ஈயின் பிள்ளை. அம்மாக்காரி பந்தலைச் சுற்றுவது முட்டை வைக்க, பிள்ளை அங்கே கிடப்பது அசுவினியைத் தின்ன. மூன்று பூச்சி என்று எண்ணிவிட்டீர்கள். அதில் இரண்டு ஒரே குடும்பம், மூன்றாவது அவர்கள் வீட்டுச் சாப்பாடு.

புத்தகங்களில் இதற்குச் சிர்பிட் ஈ என்று பெயர். எனக்கு மிதவை ஈ என்று சொல்லித்தான் பழக்கம். உலகத்தில் சுமார் 6,000 வகை இருக்கின்றன. உங்கள் படத்தில் இருப்பது இஸ்கியோடான் என்ற வகை மாதிரித் தெரிகிறது. ஊரில் காராமணிக் காட்டில் நான் நிறையப் பார்த்தது இதைத்தான், இங்கே வந்தும் இதே முகம்தான்.

பசுத்தோல் போர்த்திய புலியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது புலித்தோல் போர்த்திய பசு. கொடுக்கு கிடையாது, விஷம் கிடையாது, கடிக்கவும் தெரியாது. உடம்பில் அந்த மஞ்சள் கருப்புப் பட்டை மட்டும் இருக்கிறது. குளவியிடம் ஒரு தடவை கொட்டு வாங்கிய மைனாவோ ஓணானோ மறுபடி அந்த நிறத்தைப் பார்த்தால் யோசிக்கும். அந்த யோசனையில்தான் இந்த ஈ பிழைக்கிறது. அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளிடம் இந்த வேஷத்தைக் கவனித்து, 1862-இல் முதலில் விளக்கி எழுதியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். வேஷம் பலிக்க வேண்டுமென்றால் அசல் குளவியும் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். ஊரில் நிஜப் போலீஸே இல்லாவிட்டால் காக்கிச் சட்டைக்கு யார் பயப்படுவார்கள்?

எல்லாரிடமும் இது செல்லுபடியாகாது என்பது வேறு விஷயம். நம் தீவில் பஞ்சுருட்டான் பறவைகள் இருக்கின்றனவே, அவை அசல் குளவியையே பிடித்துக் கிளையில் தேய்த்துக் கொடுக்கை எடுத்துவிட்டு விழுங்குகிற ஆட்கள். அவற்றிடம் வேஷம் போட்டு என்ன பயன்?

சில மிதவை ஈக்கள் நிறத்தோடு நிற்பதில்லை. குளவிக்கு உணர்கொம்பு நீளம், ஈக்கு இருப்பதோ இரண்டு குட்டைக் குச்சி. அதனால் முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னால் தூக்கி ஆட்டிக் கொம்பு மாதிரிக் காட்டும் வகைகள் உண்டு. கையில் பிடித்தால் வயிற்று நுனியை வளைத்து, கொட்டப்போவது போல அழுத்துகிறவையும் உண்டு. உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனால் நாம் கையை உதறிவிடுவோம். தெரிந்தே பிடித்த நானும் உதறியிருக்கிறேன்.

சரி, அடுத்த தடவை எப்படி அடையாளம் காண்பது? நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள்: "அந்தரத்தில் நின்று முறைத்துப் பார்க்கின்றன." ஆணி அடித்த மாதிரி ஒரே புள்ளியில் நிற்பது, சட்டென்று ஓர் அடி தள்ளிப் போய் மறுபடி அதே புள்ளிக்கு வந்து நிற்பது, இது மிதவை ஈயின் கைவரிசை. குளவி அலைந்து திரியும், இலை இலையாக நுழைந்து தேடும். இப்படிச் சிலையாக நிற்காது. பூவில் உட்கார்ந்ததும் முகத்தைப் பாருங்கள். தலை முழுக்கக் கண்ணாக இருந்தால் ஈ. ஆணாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் இடுப்பு. குளவிக்கு நூலில் கட்டியது போல ஒடுங்கியிருக்கும். உங்கள் படத்தில் இருப்பதற்கு இடுப்பே இல்லை, நம்மைப் போலத்தான். இடுப்பையும் ஒடுக்கிக் காட்டும் மிதவை ஈக்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் அவை உங்கள் பந்தலுக்கு வருவது அபூர்வம். இறக்கை எண்ணிக்கையை வைத்துப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி, ஈக்கு இரண்டு, குளவிக்கு நான்கு. கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்தால்கூட அது லேசில் தெரியாது. குளவி உட்காரும்போது இறக்கையை நீளவாக்கில் மடித்து ஒல்லிக் குச்சி போல வைத்துக்கொள்ளும், ஈ அகலமாக விரித்து வைத்திருக்கும். இது கண்ணுக்கே தெரியும்.

பாகற்காயும் போட்டிருக்கிறீர்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. மஞ்சளும் பழுப்புமாக, சின்னக் குளவி மாதிரியே இன்னோர் ஈ அந்தப் பந்தலுக்கு வரும். அது பழ ஈ, அசல் எதிரி. அது அந்தரத்தில் நிற்காது. பிஞ்சின் மேல் உட்கார்ந்து நடக்கும், இறக்கையின் முன் ஓரத்தில் கருப்பாக ஒரு கோடு இருக்கும், பெண்ணுக்குப் பின்னால் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊசி நமக்கில்லை, பிஞ்சுக்குள் முட்டை வைக்க. அதைப் பார்த்தால் இரக்கமே வேண்டாம். பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் தாளிலோ துணிப்பையிலோ உறை போட்டுவிடுங்கள். அழுகி விழுந்த காயை உரக்குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இந்த இரண்டு ஈயையும் குழப்பிக்கொண்டு நல்லதை அடித்துக் கெட்டதை விட்டவர்கள் நிறையப் பேர்.

இப்போது அந்தப் பச்சைப் புழுவுக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அதுதான். நாளைக் காலை எட்டு, எட்டரைக்கு ஒரு முக்காலி போட்டு அசுவினி மண்டிய கொழுந்து ஒன்றின் முன்னால் உட்காருங்கள். பேரனையும் உட்கார வையுங்கள், கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. கொழுந்தின் ஓரத்தில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்று தனியாக ஒட்டியிருந்தால் அது முட்டை. அம்மாக்காரி குவியலாக வைக்க மாட்டாள். இரை இருக்கும் இடமாகப் பார்த்து ஒன்றொன்றாக வைத்துவிட்டுப் போவாள். நம் வெக்கைக்கு இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். புழுவுக்குக் கால் கிடையாது, கண் கிடையாது. தலைப்பக்கம் கூம்பி, வால்பக்கம் தடித்து, சின்ன நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுத்த மாதிரி இருக்கும். தலையை இடம் வலமாக வீசித் துழாவும். ஓர் அசுவினியில் முட்டியதும் கவ்வி, அப்படியே ஆகாயத்தில் தூக்கிவிடும். தூக்கிய அசுவினி ஆறு காலையும் உதறும், பிடிக்க இலை இருக்காது. ஓரிரு நிமிடத்தில் உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு, காலிப் பொட்டுக்கடலைத் தோல் மாதிரி ஒன்றைத் துப்பும். அடுத்தது. வெயில் ஏறினால் இலைக்கு அடியில் ஒதுங்கிவிடும், ராத்திரி மறுபடி வேட்டை. ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும்.

பத்து நாளில் அது இலையிலேயே ஒட்டிக்கொண்டு, கண்ணீர்த் துளி வடிவத்தில் கூட்டுப்புழுவாகும். அதற்குச் சற்று முன் தார் சொட்டியது போலக் கருப்புக் கறை ஒன்றை இலையில் விட்டுவிடும். அதை நோய் என்று நினைத்து இலையைக் கிள்ளி எறிபவர்கள் உண்டு. கிள்ளாதீர்கள், கூட்டுப்புழு அதே இலையின் அடியில் இருக்கலாம்.

இலை தின்னும் கம்பளிப்புழுவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குத் தெளிவான தலையும் காலும் இருக்கும், பக்கத்தில் இலை ஓட்டை ஓட்டையாக இருக்கும். பயத்தங்காய்க்குள் துளை போட்டு நுழையும் காய்ப்புழு இன்னொரு ஆள், அதைக் கையால் எடுத்து நசுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதையெல்லாம் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவன் போலச் சொல்கிறேன். சிங்கப்பூருக்கு வந்த புதிதில் லிம் சூ காங் பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை பார்த்தேன். சாய் சிம் வரிசையில் இதே புழுவைப் பார்த்துவிட்டு, "இலைப்புழு இறங்கிவிட்டது" என்று மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அன்று மாலையே வரிசை முழுக்க மருந்தடித்தோம். நாலு நாள் சுத்தமாக இருந்தது. இரண்டாவது வாரம் அசுவினி முன்னைவிட மோசமாக வந்தது. அசுவினிக்கு ஆணே தேவையில்லை. பெண் தானே குட்டி போடும், நம் வெக்கையில் அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தானும் அம்மாவாகிவிடும். தப்பித்த நாலைந்து போதும். மிதவை ஈ அப்படி இல்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் முடித்து மறுபடி வர மூன்று வாரம் ஆகும். மருந்தடித்தால் இந்தப் போட்டியில் ஜெயிப்பது எப்போதும் அசுவினிதான். அந்த வரிசையை உழுது போட்டோம்.

அப்படியென்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. உங்கள் மூன்றாவது படத்தில் தண்டு நெடுகக் கருப்பு எறும்பு வரிசை தெரிகிறது. அங்கேதான் வேலை இருக்கிறது. அசுவினியின் பின்பக்கம் சுரக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்புகள் அதை மாடு மாதிரி மேய்க்கின்றன. மிதவை ஈப் புழு நெருங்கினால் கடித்து இழுத்துக் கீழே தள்ளிவிடும். எறும்பை நிறுத்தினால் உங்கள் புழு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். பந்தல் கால்களில் நாலு விரல் அகலத்துக்கு ஒட்டுநாடாவைச் சுற்றி, அதன் மேல் வாசலின் தடவுங்கள். மழை பெய்தால் மறுபடி தடவ வேண்டும். பந்தலிலிருந்து வேலியைத் தொடும் கொடிகளை வெட்டிவிடுங்கள். எறும்புக்கு அது மேம்பாலம்.

அசுவினி ரொம்ப அப்பிய நுனிகள் இருந்தால், உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத நுனிகளை மட்டும் கிள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். மற்றவற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம், அங்கேயும் முதலில் பார்த்துவிட்டுத்தான். வேப்பெண்ணெய் கடைசி வழி. லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு, அப்பிய இடத்தில் மட்டும். சோப்புத் தண்ணீர் நல்ல புழு, கெட்ட புழு என்று பார்க்காது, மேலே பட்டால் மூச்சடைத்துக் கொல்லும்.

இன்னொன்று, கோழி எரு எவ்வளவு போடுகிறீர்கள்? படத்தில் இலை கரும்பச்சையாக, கொழுந்து தளதளவென்று இருக்கிறது. தழைச்சத்து மிஞ்சினால் அசுவினிக்கு அது பால்பாயசம். ஒரு மாதத்துக்கு எருவை நிறுத்துங்கள். பயத்தங்காய் வேரில் தானே தழைச்சத்து பிடிக்கிற செடி, அதற்கு அவ்வளவு ஊட்ட வேண்டியதில்லை.

மிதவை ஈ உங்கள் பாத்தியில் தங்க வேண்டுமென்றால் பூ வேண்டும். பிள்ளைதான் மாமிசம், பெரியவர்கள் சைவம். தேனும் மகரந்தமும்தான் ஆகாரம், மகரந்தம் கிடைக்காத பெண்ணுக்கு முட்டை முதிராது. நாக்கு குட்டை, அதனால் குழல் மாதிரி ஆழமான பூவெல்லாம் அதற்கு எட்டாது. தட்டு மாதிரி விரிந்த பூ, பொடிப்பொடியாகக் கொத்துப் பூ இதெல்லாம்தான் சரி. சாய் சிம்மில் இரண்டு செடியைப் பறிக்காமல் விடுங்கள், மஞ்சளாகப் பூக்கட்டும். கொத்தமல்லி இங்கே வெக்கைக்கு மளமளவென்று தண்டு விட்டுப் பூத்துவிடும், நாமும் புலம்புவோம். புலம்பாமல் அப்படியே விட்டுவிடுங்கள். துளசி, திருநீற்றுப்பச்சிலை, மலாய்க்காரர்கள் பச்சையாகச் சாப்பிடும் ஊலாம் ராஜா, இவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் பூவோடு இருந்தால் போதும். பாத்தி ஓரப் புல்லில் வெட்டுக்காயப் பூண்டு பூத்திருந்தால் பிடுங்க வேண்டாம். புல் வெட்ட ஆள் வருகிறவரைக்காவது இருக்கட்டும்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மிதவை ஈக்காக ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, புல்லையும் சருகையும் ஊறப்போட்டு வைக்கச் சொல்லி வெளிநாட்டுக் காணொளிகள் வரும். பிரிட்டன் குளிருக்கு அது சரி. இங்கே அதைச் செய்தால் ஈ வருவதற்கு முன் ஏடிஸ் கொசு வரும், அதற்குப் பின்னாலேயே தேசிய சுற்றுப்புற வாரியத்திலிருந்து ஆள் வருவார். அப்படியே ஈ வந்தாலும் உங்களுக்கு லாபமில்லை. அழுக்குத் தண்ணீரில் வளர்வது வேறு வகை மிதவை ஈ, தேனீ வேஷம் போடுவது. அதன் புழு அசுவினியைத் தொடாது. வாலை ஒரு குழாய் மாதிரி நீட்டித் தண்ணீருக்கு மேலே மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே அழுகலைத் தின்னும். உரத்தொட்டிச் சாற்றில் வால் முளைத்த புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், இதுதான். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது.

கொசுப்புகை அடித்த மறுநாள் தோட்டம் வெறிச்சென்று இருக்கும். புகை கொசுவைத் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை, எதிரில் பறக்கும் எல்லாவற்றையும் அடிக்கும். டெங்கி பரவும்போது அது தேவைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். இலைக்கடியில் கூட்டுப்புழு இருந்தால் சில நாளில் புதுசு வந்துவிடும். அதனால்தான் இலையைக் கிள்ளாதீர்கள் என்றேன்.

மிதவை ஈயால் முடியாத காரியமும் உண்டு. இலையில் வெளிர் பச்சையும் கரும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வந்து சுருண்டால் அது தேமல் நோய், அசுவினி கொண்டுவந்து ஏற்றிய வைரஸ். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது, வேரோடு எடுத்துவிடுங்கள். உங்கள் படங்களில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பேரனைப் பற்றிக் கேட்டீர்கள். மிதவை ஈ அவன் கையில் வந்து உட்காரலாம், வியர்வையில் இருக்கும் உப்பை நக்கத்தான். லேசாகக் கிச்சுக்கிச்சு மூட்டும், அவ்வளவுதான். ஆனால் "மஞ்சள் கருப்பு எதுவும் கடிக்காது" என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். இந்த ஊரில் கதண்டு என்ற அசல் பெருங்குளவியும் இருக்கிறது. மிதவை ஈ ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கதண்டு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், கருப்பு உடம்பு, வயிற்றின் முன்பாதியில் அகலமாக ஒரே மஞ்சள் பட்டை, பறக்கும்போது கனமான ரீங்காரம். மரக்கிளையிலோ கட்டடத்திலோ காகிதப் பானை மாதிரிக் கூடு கட்டும். அதைப் பார்த்தால் கல்லெறியவோ புகை போடவோ வேண்டாம். பையனைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய், டவுன் கவுன்சிலுக்கோ தேசியப் பூங்காக் கழகத்துக்கோ போன் போடுங்கள். சுவரில் மண் உருண்டையாகக் கூடு கட்டும் ஒற்றைக் குளவி வேறு. அது கம்பளிப்புழுவைப் பிடித்துக்கொண்டுபோய்க் கூட்டுக்குள் அடைப்பது. உங்கள் கத்தரிக்கு அதுவும் வேண்டிய ஆள்தான், சீண்டாமல் இருந்தால் அது பாட்டுக்குப் போகும்.

பேரனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு கொழுந்தின் கீழே வண்ண நூல் கட்டி, தினமும் காலையில் அதில் எத்தனை பச்சைப் புழு, எத்தனை வெள்ளை முட்டை என்று எண்ணச் சொல்லுங்கள். எறும்பைத் தடுத்த நாளிலிருந்து பத்து நாள். அதற்குப் பிறகும் அந்தக் கொழுந்து கருப்பாகவே இருந்தால் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், வேப்பெண்ணெயைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.